கேட்டால் அமுக்கவும்

ஜெகதேவி பக்கம் கல்குவாரியில்
பத்தொன்பது வருடம் டிரில் பிடித்தேன்.
கை இன்னும் நடுங்குகிறது.
காது சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
ஒரு ஆடி மாதம்
தவளைகள் குறைந்துவிட்டன என்று நினைத்தேன்.
அவை அப்படியேதான் இருந்திருக்கின்றன.

போன செவ்வாய், கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரி.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள்.
சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.
அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.
அந்தப் பெண் எழுந்து வந்து காகிதத்தில் எழுதிக் காட்டினாள்:
நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.
வெளியே ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது.
மேசையில் ஊன்றிய என் முழங்கைக்கு
அது தெரிந்திருக்கிறது.

இதைச் சொன்னால் நண்டு சிரிக்காது.

அதற்கும் தலையில் காது என்று ஒன்று கிடையாது.
எட்டுக் கால்; எட்டும் மண்ணில் ஊன்றிய முழங்கை.
வாய்க்கால் வரப்பில் நான் செருப்பை வைத்தால்
பதினைந்து அடி தள்ளி, வளைவாசலில்
காய்ந்த சேற்று நிறத்தில் உட்கார்ந்திருப்பது
என் எடையைப் படித்துவிடும்:
திம்மராயன் வருகிறான், வலது காலை இழுத்துக்கொண்டு.
கண்ணை மடித்துக் குழிக்குள் வைத்து
பக்கவாட்டில் காணாமல் போகும்.

டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பேன்.
ஒரு பீடி நேரம். இன்னொரு பீடி நேரம்,
பற்றவைக்காமல்.
முதலில் கண்கள் வரும், இரண்டு தீக்குச்சித் தலை.
அவற்றுக்கு நடுவே மயிரிழைச் சாட்டைகள்
தண்ணீரைச் சுண்டிச் சுண்டிப் பார்க்கும்.
மேலே யாராவது மருந்து டப்பா கழுவினார்களா,
செத்த கெளுத்தி எந்தப் பக்கம் கிடக்கிறது,
அடுத்த வளையில் ஒருத்தி ஓடு கழற்றப் போகிறாளா,
எல்லாம் தண்ணீரில் எழுதியிருக்கும்.
மை அவளுடைய மூத்திரம்தான்.
எனக்கு வரும் ஆபீஸ் கடிதங்களைவிட
அதில் விஷயம் அதிகம்.

ஒரு இரவு பார்த்தேன்.
பெரிய கொடுக்குக்காரன் இன்னொருவன் வாசலுக்குப் போனான்.
உள்ளே நுழையவில்லை.
கொடுக்கைத் தரையில் தட்டினான். நிறுத்தினான். தட்டினான்.
எனக்குக் கேட்க வழியில்லை. யாருக்குக் கேட்டதோ
அவன் கொடுக்கை உயர்த்தி வாசலில் வந்து நின்றான்.
இவன் அளந்து பார்த்தான், திரும்பிவிட்டான்.
ஒரு கால் ஒடியவில்லை.
எங்கள் பங்காளி வழக்குக்குக் கோர்ட்டில்
இது பதினோராவது வருடம்.

நேற்று நான்கு அகப்பட்டன.
ஒன்று கட்டைவிரலைக் கவ்வியது;
சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆள்.
எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி
வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தேன்.
காவேரிப்பட்டணம் பாலத்தில் எஞ்சினை அணைத்தபோது
கைப்பிடி வழியாக வந்தது:
டக். டக்டக்.
கொஞ்சம் இடைவெளி.
டக்.
கம்ப்ரசர் என் கைக்குள் போட்டுவைத்த நடுக்கம் இல்லை,
அதை எனக்கு நன்றாகத் தெரியும்.
இது யாரோ தட்டுவது.
நகத்தால் நானும் ஒரு தடவை தட்டினேன்.

உள்ளே நால்வரும் சட்டென்று நிறுத்தினார்கள்.

இவ்வளவு கவனமாக என்னை ஒருவர் கேட்டு
எத்தனை நாளாயிற்று என்று நின்றேன்.
ஜல்லி லாரி ஒன்று கடந்தது;
பாலம் உள்ளங்காலில் சொன்னது.
பிறகு வண்டியைக் கிளப்பினேன்.

சாக்கம்மா தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.
வாய் அசைந்தது, முகம் எனக்குக் காட்டவில்லை.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
சிமெண்ட் தரை தொடைக்குக் கீழே அதிரத் தொடங்கியது.
உரல். மிளகு.
நேற்றையதைவிட ஒரு பிடி கோபம் கூடுதல்.

கையில் பட்டன் இருந்தால்
அமுக்கியிருப்பேன்.